மலைநாட்டுப் பணப்பயிர்ச் செய்கையின் வரவும் செலவும்

நாவலப்பிட்டியைக் கடந்து மலையேறும் புகைவண்டியிலே செல்வோர், அட்டன் நிலையத்தை அணுகுமுன்னரே, இருமருங்கும் கண்ணுக்கெட்டிய தூரம் வரை ஒரே மட்டமாய்க் கவ்வாத்துச் செய்யப்பெற்ற தேயிலைச் செடிகள் நிரைநிரையாய் நிற்கும் காட்சியைக் கண்டு மகிழாதிரார். அதனை இயற்கையின் எழில் என்று புகழ்வோர் பலர். ஆயின், அஃது இயற்கை தந்த கோலம் அன்று. இற்றைக்கு இருநூறு ஆண்டுகளுக்கு முன்னர் அம்மலைகளிலே தேயிலைத் தோட்டம் ஒன்றேனும் இருந்ததில்லை. முகில் தவழும் பெருங்காடும், இடையிடையே பத்தனை எனப்படும் புல்வெளிகளும், பள்ளத்தாக்குகளிலே கண்டிச் சிங்களக் குடிகளின் நெல்வயல்களுமே இருந்தன. காடு போய்க் கோப்பி வந்தது. கோப்பி போய்த் தேயிலை வந்தது. தேயிலையின் ஓரங்களிலே இன்று உருளைக்கிழங்கும் மரக்கறியும் பரவியுள்ளன.

இம்மாற்றங்களால் நாடு பெற்ற வரவு பெரிது. அதனை எவரும் மறுத்தற்கில்லை. ஆனால், வரவை மட்டும் எழுதிச் செலவை எழுதாது விடும் வணிகனின் கணக்குக் கணக்காகாது. மலைநாட்டுப் பணப்பயிர்ச் செய்கையின் பேரேட்டிலே நெடுங்காலமாக இரண்டு செலவினங்கள் எழுதப்படாமலே விடப்பட்டு வந்துள்ளன. ஒன்று மண், மற்றொன்று அம்மண்ணில் உழைத்த மக்களின் வாழ்வு. இவ்விரண்டையும் வரவோடு சேர்த்து எழுதிப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும். இலவசக் கல்வியின் பயனைத் துய்த்த நம் கல்லூரியின் பழைய மாணவருக்கும் அக்கணக்கிலே ஒரு பங்குண்டு என்பதை இறுதியிற் காண்போம்.

காடு காணியாயிற்று

கண்டி இராச்சியம் 1815 ஆம் ஆண்டிலே பிரித்தானியர் வசமாயிற்று. அடுத்த பத்தாண்டுகளிலே கொழும்பிலிருந்து கண்டிக்குப் பெருந்தெரு ஒன்று வெட்டப்பட்டது. படைகள் செல்லவென அமைத்த அத்தெருவே பின்னர் பயிர் விளைச்சல் இறங்கி வரும் வழியுமாயிற்று. கம்பளைக்கு அண்மையிலுள்ள சின்னப்பிட்டியிலே ஜோர்ஜ் பேர்ட் என்பார் 1820 களின் முற்பகுதியிற் கோப்பித் தோட்டம் ஒன்றைத் திறந்தார். தேசாதிபதி எட்வேட் பான்ஸ் கன்னொறுவையிலே தாமும் ஒன்றைத் தொடங்கினார். ஆட்சி செய்வோரே தோட்டம் வைப்போராகவும் இருந்தமையால், சட்டம் எப்பக்கம் சாயும் என்பதை ஊகித்தல் அரிதன்று.

1840 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், காடும் தரிசும் பயிரிடப்படாத நிலமும், மாறானது நிரூபிக்கப்படும் வரை, முடிக்குரியனவே எனக் கொண்டது. ஓலையுறுதியும் வழக்காற்று உரிமையுமன்றி வேறு சான்றில்லாத கிராமத்தவர், தாம் தலைமுறை தலைமுறையாக விறகெடுத்த காட்டையும், மாடு மேய்த்த புல்வெளியையும், சேனைப் பயிர் செய்த சரிவையும் தமக்குரியனவென நிலைநாட்டல் எங்ஙனம்? இவ்வாறு முடிக்குரியதாக்கப்பட்ட காணி, தொடக்கத்தில் ஏக்கர் ஒன்று 5 சிலிங்குக்கு விற்கப்பட்டது. 1844 ஆம் ஆண்டிலேயே அது 20 சிலிங்காக உயர்த்தப்பட்டது.

கிராமத்தவரின் வயல்களைப் பறித்தே தோட்டங்கள் எழுந்தன என்று சிலர் கூறுவர். இது முழுவதும் பொருந்தாது. நுவரெலியா, டிக்கோயா, மஸ்கெலியாப் பகுதிகளின் உயர் சரிவுகள் பெரும்பாலும் குடியற்ற காடுகளாகவே இருந்தன. ஆயினும், வயலை மட்டும் கொண்டு கிராமம் வாழ்வதில்லை. வயலுக்கு நீர் தருவது மேலேயுள்ள காடு. எருத் தருவது மேய்ச்சல் நிலம். மழை பொய்த்த ஆண்டிலே கைகொடுப்பது சேனை. இம்மூன்றும் சுருங்கியமையால், கிராமம் பெருகுதற்கு இடமின்றித் தோட்டங்களுக்கிடையே நெருக்குண்டது. ஒரு நூற்றாண்டின் பின்னர், 1951 இல் வெளியான கண்டி விவசாயிகள் ஆணைக்குழுவின் அறிக்கை அந்நெருக்கடியை விரிவாக எடுத்துரைக்க நேர்ந்தது.

கோப்பி கற்பித்த பாடம்

கோப்பிச் செய்கை வேகமாகப் பரவிற்று. 1870 ஆம் ஆண்டளவில் இலங்கை ஏறத்தாழ 10 இலட்சம் அந்தர் கோப்பியை ஏற்றுமதி செய்தது. 1867 இற் கொழும்பு–கண்டிப் புகையிரதப் பாதை திறக்கப்பட்டதும் இப்பயிரின் பொருட்டே. அவ்வுச்ச நிலையிலேதான் அழிவும் தொடங்கிற்று. 1869 இல் மடுல்சீமையிலே கோப்பியிலைகளின் அடிப்பக்கத்திற் செம்மஞ்சட் புள்ளிகள் காணப்பட்டன. ஹெமிலியா வஸ்டாட்ரிக்ஸ் எனப் பெயரிடப்பட்ட பூஞ்சணத்தின் வேலை அது. நோயுற்ற இலை உதிரும். இலை உதிர்ந்த செடி காய்ப்புக் குன்றும். மீண்டும் மீண்டும் தளிர்த்து உதிர்ந்து ஈற்றில் மெலிந்து மடியும்.

ஈண்டு மாணவர் கூர்ந்து நோக்கற்பாலது ஒன்றுண்டு. நோய் கண்டவுடனே கோப்பிச் செய்கை குறையவில்லை, மாறாகப் பெருகிற்று! அந்நாளிலே உலகச் சந்தையிற் கோப்பியின் விலை ஏறியிருந்தது. ஏக்கருக்குரிய விளைவு குறைந்தபோதும் விலையேற்றம் அக்குறையை மறைத்தது. ஆதலால், தோட்டக்காரர் நோயுற்ற நிலத்தைப் பேணுதற்குப் பதிலாக, திம்புள்ள, டிக்கோயா, மஸ்கெலியா என மேன்மேலும் புதுக்காடு வெட்டினர். 1870 களின் இறுதியிற் கோப்பிப் பரப்பு ஏறத்தாழ 2¾ இலட்சம் ஏக்கரை எட்டியது. அதன் பின்னர் விலை வீழ்ந்தது; பிரேசில் நாட்டுக் கோப்பி சந்தையிற் குவிந்தது; மறைந்திருந்த நட்டம் ஒருங்கே வெளிப்பட்டது. 1880 இல் ஆராய்ச்சிக்கென அனுப்பப்பட்ட மார்ஷல் வார்ட் என்னும் தாவரவியலறிஞர் நோயின் இயல்பை விளக்கினாரேயன்றி, அதனைத் தடுத்தல் அவரால் இயலவில்லை. 1884 இல் ஒறியன்ரல் வங்கி முறிந்தது.

மலைக்கு மலை இடைவெளியின்றி ஒரே செடி நின்றமையால், காற்றிற் பறந்த நுண்வித்துக்குத் தடையாக யாதும் இருக்கவில்லை. பல்வகைத் தாவரங்கள் கலந்து நிற்கும் காட்டிலே ஒரு நோய் ஓரினத்தை மட்டும் தாக்கி ஓயும். ஒற்றைப் பயிர் நிலத்திலோ அது காட்டுத்தீப்போற் பரவும். உயர்ந்த விலை, நிலத்தின் நோயை மறைக்கும் திரையாக இருக்கும். இவையே கோப்பி கற்பித்த இரு பாடங்கள்.

தேயிலை வந்த வழி

கோப்பி வீழ்ந்தபோது தோட்டக்காரர் முதலிற் சிங்கோனாவை நாடினர். மலைக்காய்ச்சலுக்கு மருந்தாகும் கொயினா அதன் பட்டையிலிருந்து பெறப்படுவது. 1861 இல் நிறுவப்பட்ட ஹக்கலைப் பூந்தோட்டம் இம்மரத்தைப் பரிசோதிக்கவே தொடங்கப்பட்டது. 1880 களிலே எல்லோரும் ஒருங்கே பயிரிட்டமையாற் பட்டை சந்தையிற் குவிந்து விலை சரிந்தது. சில ஆண்டுகளிலேயே அவ்வலையும் ஓய்ந்தது.

எஞ்சியது தேயிலை. ஹேவாஹெட்டைப் பகுதியின் லூல்கந்துரத் தோட்டத்திலே ஜேம்ஸ் டெயிலர் என்னும் ஸ்கொத்லாந்தியர் 1867 ஆம் ஆண்டிலே 19 ஏக்கரில் அதனை நட்டிருந்தார். அந்நூற்றாண்டு முடியும்போது தேயிலைப் பரப்பு ஏறத்தாழ 4 இலட்சம் ஏக்கராயிற்று. 1883 இற் கொழும்பிலே தேயிலை ஏலம் தொடங்கிற்று. புகையிரதம் 1884 இல் அட்டனையும், 1885 இல் நானுஓயாவையும் எட்டியது.

கோப்பிக்கும் தேயிலைக்குமுள்ள வேறுபாடு ஒன்றை நாம் மறத்தலாகாது. கோப்பிக்குக் காய் பறிக்கும் பருவத்தில் மட்டுமே பெருந்தொகை ஆள் வேண்டும். ஆகவே தமிழ்நாட்டுத் தொழிலாளர் பருவத்துக்கு வந்து பருவம் முடிய மீண்டனர். தேயிலையோ ஆண்டு முழுவதும், வாரத்துக்கொரு முறையேனும் கொழுந்தெடுக்கப்படுவது. அதற்கு ஆண், பெண், பிள்ளை என முழுக் குடும்பமும் தோட்டத்திலேயே குடியிருத்தல் வேண்டும். வருவோர் குடியேறிகளாயினர், தற்காலிகக் கொட்டில்கள் லயன்களாயின. மலையகத் தமிழர் என்றொரு மக்கட்கூட்டம் உருவாதற்கு ஒரு செடியின் இயல்பே காரணமாயிற்று எனின் அது மிகையாகாது.

மண்ணின் கணக்கு

இனி எழுதப்படாத முதலாவது செலவை நோக்குவோம். காட்டிலே பெய்யும் மழை நேரே நிலத்தில் வீழ்வதில்லை. மரக்கிளைகளும், கீழ்ச்செடிகளும், தரையில் மூடிய சருகும் துளியின் விசையைத் தணிக்கின்றன. நீர் மெல்ல ஊறி ஊற்றாகி ஆறாகின்றது. காடு வெட்டிச் சுட்டு, செங்குத்தான சரிவிலே செடி நட்டபோது இக்காவல் நீங்கியது. போதாக்குறைக்கு, ஒரு புல்லும் முளையாவண்ணம் நிலத்தைத் துடைத்து வைத்தலே சிறந்த தோட்டத்தின் இலக்கணமெனக் கோப்பிக் காலம் முதலே துரைமார் கருதினர். சுரண்டி என்னும் கருவியாற் களையைச் சுரண்டும்போது, களையோடு மேல்மண்ணும் சுரண்டப்பட்டது. மூன்று முதல் ஐந்தாண்டுகளுக்கு ஒரு முறை கவ்வாத்துச் செய்யும்போது செடி இலையின்றி நிற்க, பருவமழை வெறுநிலத்திலே அறைந்தது.

இழந்த மண் எவ்வளவு? இலங்கையிலே செய்யப்பட்ட அளவீடுகளின்படி, நன்கு மூடி வளர்ந்த தேயிலை நிலத்திலிருந்து ஆண்டுக்கு ஹெக்டேயருக்கு ஒரு தொன்னுக்கும் குறைவான மண்ணே கழுவப்படுகின்றது. அடர்த்தி குன்றிப் பேணாது விடப்பட்ட பழைய விதைத் தேயிலை நிலத்திலிருந்தோ 40 தொன் வரை போகின்றது. இவ்வெண்ணின் பொருளை மாணவர் தாமே கணித்து அறியலாம். ஒரு ஹெக்டேயர் என்பது 10,000 சதுர மீற்றர். அதில் ஒரு மில்லிமீற்றர் கனமான மண் 10 கன மீற்றராகும். அதன் எடை ஏறத்தாழ 12 தொன். எனவே 40 தொன் என்பது மூன்று மில்லிமீற்றருக்குச் சற்று மேல். ஓராண்டில் இது கண்ணுக்குத் தெரியாது. நூறாண்டில் அதுவே ஓர் அடியாகின்றது. மேல்மண் ஓர் அங்குலம் உருவாதற்கோ நூற்றாண்டுகள் வேண்டும். பழந்தோட்டங்களின் செங்குத்தான மலைகளிலே தேயிலைச் செடியின் வேர் நிலத்துக்கு மேலே துருத்தி நிற்பதைக் காண்போர், இக்கணக்குப் பொய்யன்றெனத் தெளிவர்.

அறிந்தோர் எச்சரியாமலில்லை. 5,000 அடிக்கு மேற்பட்ட காடுகளை வெட்டாது காக்கவேண்டும் என்று 1873 ஆம் ஆண்டிலே ஜோசப் ஹூக்கர் என்னும் தாவரவியலறிஞர் அறிவுறுத்தினார். சிவனொளிபாதமலையின் காடும் ஹோர்ட்டன் சமவெளியும் இன்று எஞ்சியிருத்தற்கு அவ்வறிவுரை பெருங்காரணம். 1925 இல் தேயிலை ஆராய்ச்சி நிலையம் நிறுவப்பட்டது. தலவாக்கலையிலுள்ள சென் கூம்ஸ் தோட்டம் அதன் இருப்பிடமாயிற்று. 1931 இல் மண்ணரிப்புப் பற்றி ஆராய்ந்த குழு தன் அறிக்கையை வெளியிட்டது. 1951 இல் மண் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டது. அறிவு இருந்தது, சட்டமும் இருந்தது. மண்ணைக் காத்தற்குரிய செலவை ஏற்பார் யார் என்ற வினாவுக்கே விடை இருக்கவில்லை.

ஆறும் அணையும்

மலையிற் கழுவுண்ட மண் மறைந்துபோவதில்லை. அஃது ஆற்றோடு இறங்குகின்றது. இலங்கையின் நீளமான ஆறாகிய மகாவலி கங்கையும், கொழும்புக்கு நீர் தரும் களனி கங்கையும் இம்மலைகளிலேயே பிறக்கின்றன. காசல்றி, மவுசாக்கலை, கொத்மலை, விக்டோரியா, ரந்தெனிகலை, மேல் கொத்மலை என நாட்டுக்கு மின்னொளி தரும் நீர்த்தேக்கங்கள் யாவும் இச்சரிவுகளின் கீழேயே உள்ளன.

1976 இல் முடிவுற்ற பொல்கொல்லை அணை, மகாவலி நீரைச் சுரங்கவழியாக வடக்கே திருப்பி உலர் வலயக் குளங்களை நிரப்புவது. அவ்வணையின் தேக்கம் பன்னிரண்டு ஆண்டுகளிலேயே தன் கொள்ளளவில் ஏறத்தாழ 44 சதவீதத்தை வண்டலுக்கு இழந்தது. பொன்போன்ற மேல்மண், தோட்டத்திலிருந்தால் உரம். தேக்கத்தை அடைந்தால் சேறு. மலையிலே விளைவு குன்றியதும் அதனால். சமவெளியிலே நீர் குன்றியதும் அதனால். ஆகவே, மலைநாட்டு மண்ணின் கதை மலைநாட்டாருடைய கதை மட்டுமன்று. தாழ்நிலத்திலே நெல் விளைவிப்போனின் கதையும் ஆகும்.

இக்குற்றத்தைத் தேயிலையின் மீது மட்டும் சுமத்துதல் நீதியாகாது. 1960 களின் இறுதியில் உருளைக்கிழங்கு இறக்குமதி தடைசெய்யப்பட்டபின், நுவரெலியாவிலும் வெலிமடையிலும் உருளைக்கிழங்கு, கரட், லீக்ஸ், கோவா முதலியன பெருவேகத்திற் பரவின. சிறு விவசாயி கைநிறையப் பணம் கண்டான், அது நன்றே. ஆயின், ஆண்டுக்கு இரண்டு மூன்று முறை மண்ணைக் கிளறிப் புரட்டும் பயிர் இது. தேயிலையேனும் மூடி நிற்கும் செடி; மரக்கறியோ ஒவ்வொரு போகத்தின் தொடக்கத்திலும் நிலத்தை வெறுமையாக்குகின்றது. அளவிறந்து இடப்படும் உரமும் கிருமிநாசினியும் மழையோடு ஓடைகளிற் கலக்கின்றன. ஹங்குரன்கெத்தைப் பக்கத்துப் புகையிலைச் சரிவுகளோ தேயிலையினும் மிகுதியாக, ஹெக்டேயருக்கு 70 தொன் வரை மண்ணிழந்தமை அளக்கப்பட்டுள்ளது. பயிர் எதுவாயினும், சந்தை விலையை மட்டும் நோக்கிச் சரிவை நோக்காத செய்கை ஒரே முடிவையே தரும்.

உழைத்தோர் கணக்கு

இரண்டாவது செலவை இனிக் காண்போம். மன்னார்க் கரையிலிறங்கிக் காட்டுவழியே மாத்தளைக்கு நடந்தவருள் எத்தனையோ பேர் வாந்திபேதிக்கும் காய்ச்சலுக்கும் வழியிலேயே இரையாயினர். வந்து சேர்ந்தோர் கங்காணியின் கடனேட்டிலே கட்டுண்டனர். ஒரு தோட்டத்தை விட்டு மற்றொன்றுக்குச் செல்லக் கடன் தீர்ந்ததற்கான துண்டு வேண்டியிருந்தது. அவர்தம் உழைப்பால் விளைந்த தேயிலை, 1950 களில் நாட்டின் ஏற்றுமதி வருவாயிற் பாதிக்கு மேல் ஈட்டித் தந்தது. அதே காலத்திலேதான், 1948 ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் அவருட் பெரும்பாலோரை நாடற்றோராக்கிற்று. 1964 ஒக்டோபரிலே கைச்சாத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம், 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பதென வகுத்தது. எஞ்சிய 1,50,000 பேரின் விதி 1974 இலே சரிபாதியாகப் பங்கிடப்பட்டது. நாடற்ற நிலை சட்டத்தால் முற்றாக நீங்க 2003 ஆம் ஆண்டுவரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

1972, 1975 ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தத்தால் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992 இல் அவற்றின் முகாமை மீண்டும் தனியார் கம்பனிகளின் கைக்குச் சென்றது. உடைமை மாறிற்று, லயன் மாறவில்லை. ஆணுக்கும் பெண்ணுக்கும் சமநாட்கூலி 1984 இலேதான் கிடைத்தது. நாட்கூலி 1,000 ரூபாவாதற்கு 2021 வரை போராட வேண்டியிருந்தது.

மண்ணின் கணக்கும் மக்களின் கணக்கும் வெவ்வேறு அல்ல. இதுவே நான் வலியுறுத்த விரும்பும் கருத்து. ஓர் எடுத்துக்காட்டுக் கூறுவேன். கவ்வாத்துச் செய்த குச்சிகளை நிலத்திலேயே பரப்பி விடுவது மண்ணுக்குப் போர்வையும் உரமுமாகும் என்று ஆராய்ச்சியாளர் அறிவுறுத்துவர். ஆனால், குளிரிலே அடுப்பெரிக்க வேறு விறகில்லாத குடும்பம் அக்குச்சிகளைக் கட்டித் தலையிலே சுமந்து லயனுக்குக் கொண்டு செல்கின்றது. அதனைத் தடுத்தால் மனிதர் வாடுவர். விட்டால் மண் வாடும். மற்றொன்று: கூலி போதாமையால் இளைஞர் தோட்டத்தை விட்டுக் கொழும்புக்கும் வெளிநாட்டுக்கும் செல்கின்றனர். ஆள் குறையவே கான்வெட்டுதலும், கானில் நிறைந்த மண்ணை எடுத்து மேட்டில் இடுதலும் கைவிடப்படுகின்றன. கையாற் களையெடுத்த இடத்தில் நஞ்சு தெளிக்கப்படுகின்றது. கான் தூர்ந்த சரிவிலே வெள்ளம் தன் வழியைத் தானே வெட்டிக்கொள்கின்றது. உழைப்பவனுக்குக் கொடுக்கத் தவறிய கூலியை மலை தன் மண்ணாற் செலுத்துகின்றது.

சில வேளைகளிலே உயிராலும் செலுத்த நேர்கின்றது. 2014 ஒக்டோபர் 29 ஆம் நாட் காலை, ஊவாவிலே கொஸ்லாந்தையை அடுத்த மீரியபெத்தையில் மலை சரிந்து லயன்களைப் புதைத்தது. அவ்விடம் ஆபத்தானதென முன்னரே கண்டறியப்பட்டிருந்தது. ஆயினும், சென்று குடியேறத் தமக்கெனக் காணியில்லாதோர் எங்கே செல்வர்?

2021 காட்டிய உண்மை

2021 ஆம் ஆண்டு மே மாதத்திலே இரசாயன உர இறக்குமதி திடீரெனத் தடைசெய்யப்பட்டது. அத்தடை நவம்பரிலே நீக்கப்பட்டதாயினும், அதன் விளைவு அத்துடன் ஒழியவில்லை. 2021 இல் ஏறத்தாழ 29.9 கோடி கிலோவாயிருந்த தேயிலை உற்பத்தி, பொருளாதார நெருக்கடியும் சேர்ந்த 2022 இல் ஏறத்தாழ 25.1 கோடி கிலோவாக வீழ்ந்தது. நாட்டின் தேயிலையிற் பெரும்பங்கை இன்று விளைவிப்போர் தாழ்நாட்டிலும் இடைநாட்டிலுமுள்ள சிற்றுடைமையாளரே. அவர்களே பேரிடர்ப்பட்டனர்.

இதிலிருந்து உரமே தீதென்றோ, உரமே போதுமென்றோ முடிவு செய்தல் தவறு. கொழுந்தைப் பறித்துக் கப்பலேற்றும் ஒவ்வொரு நாளும் நிலத்தின் ஊட்டம் வெளியேறுகின்றது. அதனை ஈடுசெய்தல் இன்றியமையாதது. ஆயின், நன்மண் வங்கியிலிட்ட முதல் போன்றது; ஓராண்டு வரவு தவறினாலும் தாங்கும். மேல்மண் இழந்த நிலமோ அன்றாடங்காய்ச்சியின் வீடு; ஒரு நாள் மூட்டை வராதாயின் அடுப்பு எரியாது. நூறாண்டுகளாக முதலைத் தின்று வந்தோம் என்பதை அவ்வீராண்டுகளும் நமக்கு வெளிச்சமிட்டுக் காட்டின.

நாம் செலுத்த வேண்டிய கடன்

பரிகாரம் அறியப்படாததன்று. சமவுயரக் கோட்டு வழியே கான்களும் கல்லணைகளும் அமைத்தல். பழந்தேயிலையைப் பிடுங்கிய நிலத்தில் உடனே மறுநடுகை செய்யாது, மானாப்புல்லை நட்டு மண்ணைத் தேற்றுதல். நிழல் மரங்களைப் பேணுதல். மிகச் செங்குத்தான சரிவுகளையும் ஓடைக்கரைகளையும் மீண்டும் காட்டுக்கே விடுதல். மரக்கறி நிலத்தைப் படிக்கட்டுகளாக்குதல் என்பன யாவும் நெடுங்காலமாகச் சொல்லப்பட்டவை. இவற்றைச் செய்வதற்குத் தன் நிலமென்ற பற்றுடைய கைகள் வேண்டும். ஏழு பேர்ச் காணியிலே தனக்கென ஒரு வீடு என்பது மலையகத் தொழிலாளிக்கு அறமாகச் செய்யும் உதவி மட்டுமன்று. அது மண் பாதுகாப்பின் முதற்படியும் ஆகும். தன் பிள்ளை வாழப்போகும் மலையென்று நம்புவோனே அம்மலையின் கானைத் தூர விடான்.

ஈற்றில் நம்மைப் பற்றி ஒரு சொல். 1945 ஆம் ஆண்டு தொடங்கிய இலவசக் கல்வியினாலே, இக்கல்லூரியிலும் இதுபோன்ற கல்லூரிகளிலும் எத்தனையோ ஏழை மாணவர் கற்று உயர்ந்தனர். அக்கல்விக்கும், இலவச மருத்துவத்துக்கும், மானிய அரிசிக்கும் அரசின் பொக்கிசத்தை நிரப்பிய வருவாய்களுள் தேயிலை தலையாயது. அத்தேயிலையைக் கிள்ளிய தாயின் பிள்ளையோ, தோட்டப் பாடசாலை எனும் ஒற்றையறைக் கொட்டிலிலே சிலேற்றுப் பலகையோடு இருந்தான். அப்பாடசாலைகளை அரசு படிப்படியாகப் பொறுப்பேற்றது 1970 களிலேதான். ஒரு தலைமுறைக் காலத்துக்கு மேலாக, அவன் தாய் செலுத்தியதை நாம் பெற்றோம். இது குற்றச்சாட்டு அன்று, கணக்கு.

கணக்கை அறிந்தபின் வாளாவிருத்தல் கற்றோர்க்கு அழகன்று. புவியியலும் விவசாயமும் பொறியியலும் கற்ற நம் பழைய மாணவர், மலையகப் பாடசாலைகளிலே ஒரு தவணையேனும் கற்பிக்கலாம். இன்று கற்கும் மாணவர், மலைநாட்டுக்குச் சுற்றுலாச் செல்லும்போது அருவிகளோடு நின்றுவிடாது, மழை பெய்த மறுநாள் ஓடையின் நீரை ஒரு கண்ணாடிக் குவளையில் எடுத்து, அடியிலே படியும் மண்ணை அளந்து குறித்து வரலாம். பேரேட்டிலே எழுதப்படாது விடப்பட்ட செலவை எழுதத் தொடங்குவதற்கு அந்த ஒரு குவளை நீரே போதும்.